எடை குறைந்த மிஷின்

கார்பெட் வாங்கும்போது யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அழுக்கான பிறகுதான் வருவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, என் சம்பளமே அந்த அழுக்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் வந்து நின்று, இருப்பதிலேயே நல்ல மிஷின் எது என்று கேட்பார்கள் பாருங்கள், அப்போதுதான் பற்றிக்கொண்டு வரும். என்ன கறை, எவ்வளவு பெரிய அறை, கழுவப் போகிறவர் யார் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் கோணிவிடும். செருப்பு வாங்கப் போகிறவர் காலைக் காட்டாமல் இருந்தால் கடைக்காரன் என்ன செய்வான்?

வீட்டுச் சாமான் கடையின் இரண்டாவது மாடி மூலையில், கார்பெட் கழுவும் மிஷின் விற்கும் பெண்ணாகப் பதினாறு வருஷமாக நிற்கிறேன். நின்று நின்று முட்டி இரண்டும் போய்விட்டன. உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தால் முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அதற்கு நிற்பதே மேல்.

என் மூலையில் மூன்று வகை மிஷின். பெரியதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் எருமை. நின்றவாக்கில் தள்ளிக்கொண்டு போகலாம். சுத்தத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, உறிஞ்சி எடுக்கும் அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. தண்ணீர் நிரப்பிவிட்டால் பதினான்கு கிலோ. சின்னதற்குப் பூனை என்று பெயர். கையில் தூக்கும் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய், அவ்வளவுதான். மூன்றாவது, ஆவி அடிக்கும் மிஷின். அதைப் பற்றி நான் பேசினால் என் வேலைக்கு ஆபத்து.

வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் எப்படிப் பீய்ச்சுகிறது என்றுதான் பார்ப்பார்கள். பீய்ச்சுவதா பெரிய காரியம்? ஒரு சொம்பு இருந்தால் நானே ஊற்றிவிடுவேன். ஊற்றிய தண்ணீரை மிஷின் திரும்ப உறிஞ்சுகிறதா என்பதுதான் பேச்சு. உறிஞ்சாவிட்டால் கார்பெட்டின் அடியில் ஈரம் நின்று, இரண்டு நாளில் வீடே ஊறப்போட்ட துணி மாதிரி நாறும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த அக்கா முதல் தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில். கழுத்தில் பல் மருத்துவமனை அட்டை தொங்கியது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பல்வலிக்காரர்களுக்கு வரிசைச் சீட்டு கொடுக்கும் வேலை என்று பிறகு சொன்னார். நாள் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டிருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார்.

நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை என்று அட்டையில் போட்டிருப்பது காலித் தொட்டியோடா, நிறைந்த தொட்டியோடா? அழுக்குத் தொட்டியை ஒரே கையால் கழற்ற முடியுமா? கழுவிய இடம் நாலு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடுமா? குனியாமல் கழுவலாமா? எதற்கும் என் பதிலை அப்படியே நம்பவில்லை. பூனையைத் தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், அதுவும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது இது என்ன வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

கறை என்ன கறை என்று கேட்டேன். வீட்டில் ஒரு நாய், பதினோரு வயசு, அடக்க முடியவில்லை என்றார். அப்படியானால் ஆவி மிஷின் பக்கமே போகாதீர்கள், சூடு பட்டால் அந்த வாடை உள்ளேயே குடித்தனம் வைத்துவிடும் என்று, குரலைத் தணித்து, முதலாளி காதில் விழாமல் சொன்னேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அதே நோட்டு, அதே கேள்வி. மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, பொண்ணு பார்க்கறவங்க கூட மூணு தடவை வர மாட்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வாங்கி வைத்துப் பயன்படாமல் போனால் இன்னொரு தடவை வாங்க முடியாது என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில் அவ்வளவு அசதி. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் வீட்டுக்கே மிஷினைக் கொண்டுபோய் ஓர் அறையைக் கழுவிக் காட்டுவோம். யோசனை முதலாளியுடையது, சுமப்பது நான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

இப்படி வீடு வீடாகப் போகிற எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. கறை என்ன என்று கேட்கலாம், எண்ணெயா, சாயமா, ரத்தமா என்று கேட்கலாம், கேட்டால்தான் அதற்கேற்ற கழுவும் மருந்து போட முடியும். யாருடைய கறை என்று மட்டும் கேட்கவே கூடாது. கட்டிலடியில் ரத்தம் பார்த்திருக்கிறேன். பூஜை அறை மாதிரி வைத்திருக்கும் வரவேற்பறையில் வாந்தி பார்த்திருக்கிறேன். கழுவிவிட்டு, காய எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, படி இறங்கிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை லிப்ட் வேலை செய்யவில்லை. அக்கா வீடு மூன்றாவது மாடி. அவர் கேட்டது பூனையைத்தான், ஆனாலும் கூடம் பெரியது என்று சொல்லியிருந்ததால் எருமையையும் கொண்டு போயிருந்தேன். உபகாரம் பண்ணப் போய் உபத்திரவம் என் முட்டிக்கு. இரண்டு நடை ஏறி இறங்கி, கதவைத் தட்டும்போது எனக்கு மூச்சு இரைத்தது.

வீடு துப்புரவாக இருந்தது. பாத்திரம் கவிழ்த்த விதம், மடித்த துண்டு, செருப்பு வரிசை, எல்லாமே கச்சிதம். அதனால்தானோ என்னவோ அந்த வாடை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கூடம் முழுக்கப் பழுப்பு நிறக் கார்பெட். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, அதில் அக்காவின் கணவர், எனக்கு அண்ணன். நாற்காலிக்குப் பக்கத்தில் நாய். பெயர் மேனேஜராம். ஒரு வேலையும் செய்யாமல் வாசலையே பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை முறைப்பதால் அந்தப் பெயர். முன்னங்கால் நரைத்துப்போன கிழம், என்னை முறைக்கக்கூடத் தெம்பில்லை.

அண்ணன் முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கீழே கம்பெனி ஆட்கள் லிப்டைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டே, கோளாறு மேலே இருக்கிறது, இவன்கள் கீழே தட்டுகிறான்கள் என்று சொல்லிச் சலித்துக்கொண்டார். போய்ச் சொல்லுங்களேன் அண்ணே என்றேன். சொன்னால் யாரப்பா இந்தக் கிழவர் என்பான்கள் என்றார். அவரே ஒரு காலத்தில் நடுவழியில் நின்ற லிப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை வெளியே இழுத்துவிட்டு, எல்லாப் பொத்தானையும் யார் அமுக்கச் சொன்னது என்று திட்டியிருக்கிறார். ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணையே கல்யாணமும் பண்ணிக்கொண்டிருக்கிறார். இதை அவர் சொல்லச் சொல்ல, அக்கா உள்ளேயிருந்து, அமுக்கியது நான் இல்லை, பக்கத்தில் நின்ற ஆள் என்று முப்பது வருஷத்துக்குப் பிறகும் வாதாடினார். அண்ணன் சிரித்தார். சிரிக்கும்போது இடது மணிக்கட்டு வளைந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். வேலையில் லிப்டின் எதிரெடைக் குண்டு நசுக்கியதாம்.

அக்கா கூடத்துக்கு வந்ததும் குரல் மாறியது. நாயைப் பார்த்து, உனக்கு எத்தனை தடவை சொல்வது, வயசானால் புத்தியுமா போய்விடும், இப்படியே பண்ணினால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று பொரிந்து தள்ளினார். மேனேஜர் காதை மடித்துப் படுத்துக்கொண்டது. அண்ணன் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வாயில்லா ஜீவனை இப்படியா என்று எனக்கு அக்கா மேல் கொஞ்சம் வெறுப்புகூட வந்தது.

பதினொரு மணிக்குத் தம்பி வருகிறான், இதைத் தன்னுடைய கிடங்குக்குக் கூட்டிப் போகப் போகிறான் என்று அக்கா என்னிடம் சொன்னார். இப்போது அந்தப் பொரிதல் இல்லை. போன வாரம் தம்பி வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, நீயும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவாய் அக்கா என்று அவரே முடிவு செய்துவிட்டாராம். கிடங்கில் சங்கிலியில் கட்டி வைப்பார்களாம், காவலுக்கு. இந்தக் கிழம் எதைக் காவல் காக்கும், அங்கே போனால் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்க வாயெடுத்து, நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டேன். அண்ணன் செய்தித்தாளை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தார். மிஷின் வாடையை எடுத்துக் காட்டிவிட்டால் தம்பி மனசு மாறுவாரோ என்று ஒரு நப்பாசை மட்டும் எனக்கு.

எருமையைத்தான் முதலில் ஓட்டினேன். நான் எப்போதும் முதல் நடைக்கு மருந்து போட மாட்டேன், வெறும் தண்ணீர்தான். கார்பெட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வாசல் பக்கம் ஓட்டினேன், சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது, சாதாரணப் புழுதி. சோபா பக்கமும் அப்படியே. ஜன்னலோரம் வந்தேன். அண்ணனை எழுந்து சோபாவில் உட்காரச் சொன்னேன். அவர் எழுந்து, நாற்காலியைத் தானே நகர்த்தப் பார்த்து, முடியாமல் நின்றார். நான் நகர்த்தினேன்.

நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு இழுப்பு இழுத்ததும் அழுக்குத் தொட்டியில் நுரை எழும்பியது. வெள்ளை வெளேரென்று பொங்கி மூடி வரைக்கும் வந்துவிட்டது. நுரை அப்படி ஏறினால் தொட்டிக்குள் இருக்கும் மிதவை மேலே போய் அடைத்துக்கொள்ளும், மிஷின் உறிஞ்சாது. நிறுத்தி, கொட்டிவிட்டு வந்து மறுபடி இழுத்தேன். மறுபடியும் நுரை. நான் ஒரு சொட்டு மருந்து போடவில்லை. நாற்காலியிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு, ஒரே நுரை. இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தேன், அங்கே இல்லை. நாய் படுத்திருந்த இடத்திலும் ஓட்டினேன், வெறும் முடியும் தூசியும்தான் வந்தன.

தொட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை. பாத்திரம் கழுவும் சோப்பு. யாரோ மாதக்கணக்கில், முட்டி போட்டு உட்கார்ந்து, பஞ்சில் சோப்பைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்தவருக்கு அதை அலசத் தெரியவில்லை. துணியால் எத்தனை ஒற்றினாலும் பாதி சோப்பு உள்ளேயே நிற்கும். நின்ற சோப்பு அழுக்கை இழுக்கும், அழுக்கு வாடையைப் பிடித்துவைக்கும், வாடை வருகிறதே என்று இன்னும் சோப்பு போடுவார்கள். இந்தத் தப்பைச் செய்யாத வீடு இல்லை. ஆனால் நாய் சோப்புப் போடுமா?

நான் நிமிர்ந்தேன். அண்ணன் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பதினாறு வருஷத்தில் யார் யார் வீட்டிலோ என்னென்னவோ பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி ஒரு கெஞ்சலை எந்த ஆண் கண்ணிலும் பார்த்ததில்லை.  கார்பெட்டில் பழைய பசை இருந்தால் இப்படிப் பொங்கும் என்று பொதுவாக யாருக்கோ சொல்வது மாதிரி உளறிவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"தங்கச்சி, எனக்குத் தெரியும். வெளியில காட்டிக்காதீங்க."

அப்புறம் அவர் சொன்னதை நான் தொட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்கு ஆபரேஷன். மூன்று மாதத்தில் அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன சிறுநீர்க் கசிவு அடங்கவில்லை. எழுந்து குளியலறை போவதற்குள் ஆகிவிடுகிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா வேலைக்குப் போன பிறகு துடைக்கிறார், துணியைத் துவைத்துக் காயப் போடுகிறார், அக்கா வருவதற்குள் மடித்து வைத்துவிடுகிறார். ஒரு நாள் சீக்கிரம் வந்த அக்கா, கதவுச் சந்து வழியாக, அவர் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் படி இறங்கி, தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு வாடை வருகிறதா என்று அண்ணனே கேட்டாராம், பயந்து பயந்து. அக்கா சட்டென்று நாயைக் கைகாட்டிவிட்டார். அன்றிலிருந்து வாடைக்குப் பொறுப்பு மேனேஜர்.

இவ்வளவு நாள் என் கடையில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவர் படுத்திய பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே கையால் தூக்குகிற மாதிரி மிஷின். குனியாமல் கழுவுகிற மாதிரி. நாலு மணி நேரத்தில், தான் வீடு திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிற மாதிரி. நாய்க்காக வாங்கினேன் என்று சொல்லிக் கூடத்து மூலையில் வைத்துவிட்டால், அவர் பாட்டுக்கு எடுத்துக்கொள்வார், தன்னிடம் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இந்தத் தம்பி வந்து நாயைக் கேட்பார் என்பது கணக்கில் இல்லை.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"ஏன் வேணாம்னு கேப்பானே. என்ன சொல்றது? அவர் முன்னாடி என்ன சொல்றது?"

குழாயை மூடினார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் தொட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சரியாகப் பதினொரு மணிக்குத் தம்பி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். உபகாரம் செய்ய வந்துவிட்டால் வேண்டாம் என்று சொன்னாலும் விடாத ரகம். அண்ணனை மாமா மாமா என்று ஒரே மரியாதை. பத்தொன்பது வயசில் அவருக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணன்தானாம். இருபது மாடி உயரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா வேலை செய்ததைத் தானே கண்ணால் பார்த்திருப்பதாக, கேட்காமலே என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து புதுச் சங்கிலியை எடுத்தார்.

சங்கிலியைப் பார்த்ததும் மேனேஜருக்கு நடை போகப் போகிறோம் என்று சந்தோஷம். தள்ளாடி எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு போய்த் தானாகவே கழுத்தைக் கொடுத்தது. அக்கா சமையலறை வாசலில் நின்றார். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி, இனி உனக்கு நிம்மதி அக்கா, வீடும் மணக்கும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். நாய் படியில் ஒரு காலை வைத்துவிட்டது.

"மாப்ள, அதை விட்டுடு" என்றார் அண்ணன்.

தம்பி திரும்பிப் பார்த்து, கவலையே வேண்டாம் மாமா, நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன், வாரம் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று ஆரம்பித்தார். அண்ணன் சோபாவின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். நிற்பதற்கே நேரம் ஆனது. வேட்டிக்குப் பதில் அவர் கட்டியிருந்த கைலியில், முன்பக்கம், கை அகலத்துக்கு ஈரம். அதை மறைக்கச் செய்தித்தாள் கையிலேயே இருந்தது. மறைக்கவில்லை.

"வாடை நாயோடது இல்ல மாப்ள. என்னோடது."

தம்பிக்கு விளங்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணன் நிறுத்தாமல், ஆபரேஷன் ஆனதிலிருந்து அடக்க முடியவில்லை, எழுந்திருப்பதற்குள் ஆகிவிடுகிறது, இத்தனை நாளாக அந்த வாயில்லாத ஜீவன் என் பழியைச் சுமந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.  கீழே பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தே சொன்னார். எனக்குத் தரையில் புதைந்துபோகலாம் போல இருந்தது. இதைக் கேட்க நான் யார்?

தம்பி அந்தப் பெரிய குரலை எங்கே வைத்தாரோ தெரியவில்லை. குனிந்து சங்கிலியைக் கழற்றினார். கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டார், பக்கிள் இறுகியிருக்கிறது என்று முணுமுணுத்தார். பக்கிள் ஒன்றும் இறுகவில்லை. பிறகு, வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டேன், சரியாக விட்டுவிட்டு வருகிறேன், டீ போடு அக்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேனேஜர் நடை இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்துபோய் வாசலிலேயே படுத்துவிட்டது.

அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா முகத்தில் ஆச்சரியம் இல்லாததைப் பார்த்தார். 

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"மழை ஆரம்பிச்சப்போலேருந்து."

"அப்புறம் ஏன் தினமும் நாயைத் திட்டின?"

"பின்னே உங்களையா திட்ட முடியும்?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அழுதார். இத்தனை வருஷம் பல்வலிக்காரர்களுக்காகப் போட்டு வைத்திருந்த சிரிப்பு, அப்படியே உடைந்துபோனது. "முட்டி போட்டுத் தேச்சீங்களே, அதைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒத்தைக் கையால தூக்கற மிஷின் கேட்டு அந்தக் கடைக்கு எத்தனை தடவை போனேன் தெரியுமா? இந்தத் தங்கச்சிகிட்டப் பேச்சு வாங்கினேன்."

என்னைப் பேச்சில் இழுத்துவிட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. குனிந்து குழாயைச் சுற்றினேன். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினேன்.

அண்ணன் உள்ளே போய்க் கைலி மாற்றிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. ஈரத் துணியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு போய் வாளியில் போட்டார். அந்த எட்டு மாதத்தில் அவர் கையிலிருந்து அக்கா வாங்கிய முதல் துணி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அவர் என் மிஷின்கள் பக்கம் வந்தார். மெக்கானிக் அல்லவா, கேட்காமலே எருமையின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். மோட்டார் எது, காற்று எங்கே போகிறது, மிதவை எப்படி அடைக்கிறது என்று கேட்டார். பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்விகள். பூனையையும் திறந்து பார்த்தார். இரண்டில் எது நன்றாக உறிஞ்சும் என்றார். ஒரு நிமிஷம் நான் கடைக்காரியாக நின்றேன். அவரை மனசில் வைத்து அக்கா மூன்று தடவை வந்து தேர்ந்தெடுத்தது பூனை. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. சோப்பு இவ்வளவு ஊறிப்போன கார்பெட்டுக்குச் சின்னது தாங்காது அண்ணே, தொட்டி ஐந்து நிமிஷத்தில் நிறைந்துவிடும், பெரியதுதான் சரி, ஆனால் தண்ணீரோடு பதினான்கு கிலோ, உங்கள் கை தாங்காது என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் எருமையின் பின்பக்கக் கைப்பிடியை வலது கையால் பிடித்துப் பார்த்தார். முன்னால் ஒரு பிடி இருக்கிறது, அதை இடது கையால் பிடிக்கப் பார்த்தார். மணிக்கட்டு மடங்கவில்லை. விட்டுவிட்டார்.

"ஏய், இங்க வா. அந்தப் பக்கம் புடி" என்றார்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து முன்பிடியைப் பிடித்தார். இருவரும் அதைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோய், நாற்காலி இருந்த இடத்தில் வைத்தார்கள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"பெரிசையே வெச்சிட்டுப் போம்மா" என்றார் என்னிடம். "எங்க ரெண்டு பேருக்கும் இது கனம் இல்ல."